மீதி 631

ஒரு வெற்றுத் தாளில் 4294967297 என்று எழுதி, அதற்குக் காரணி தேடத் தொடங்கிய இரவில் எனக்கு இரண்டே செய்திகள் நினைவில் இருந்தன: அது பகா எண் அன்று, அதன் சிறிய காரணி மூன்று இலக்க எண். அந்த மூன்று இலக்கங்கள் எவை என்பது மறந்துபோயிருந்தது. தேடிப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே இருந்தேன். பென்சில், தாள், பெருக்கல் வாய்ப்பாடு ஆகியவற்றைத் தவிர வேறு துணையில்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கும் ஆசைதான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தகுதியுள்ள மூன்று இலக்க எண்கள் அனைத்தையும் சோதித்து முடித்து, எதுவும் வகுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தேன். எங்கோ ஒரு பிழை நேர்ந்திருந்தது. அந்தப் பிழையைப் பற்றியும், அதைத் தேடப்போய் அந்த எண்ணிடம் கண்டுகொண்டவற்றைப் பற்றியும் எழுதவே இக்கட்டுரை.

முதலில் எண்ணை வாய்விட்டுப் படித்துவிடுவோம்: நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அடுக்கு வடிவில் இதையே 2³² + 1 என்று எழுதினால் அதன் பிறப்பு தெரிந்துவிடும். 2இலிருந்து தொடங்கி, கிடைத்த எண்ணை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536, 4294967296 என்ற வரிசை கிடைக்கும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் கருதுவதாகப் பிரெஞ்சு வழக்கறிஞரும் கணிதவியலாளருமான பியேர் டி ஃபெர்மா 1640இல் சக கணிதவியலாளர் ஃப்ரெனிக்லுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். முழு நிறுவல் தமக்குக் கைவரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. பின்னாளில் வேறு சிலருக்கு எழுதிய கடிதங்களிலும் இதே கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. நம்முடைய எண் அவ்வரிசையில் ஆறாவது. ஆனால் முதல் எண்ணுக்குப் பூச்சியம் என்று பெயரிட்டு எண்ணுவது மரபாதலால் இதை ஐந்தாம் ஃபெர்மா எண் என்று அழைக்கிறார்கள்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளிப் பாடம். 4294967297இன் வர்க்கமூலம் 65536க்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. 65536க்குக் கீழே 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வகுக்கப் புகுந்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். ஆனால் இந்த எண்ணுக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை. அதற்கான சுருக்குவழியைத் தந்தவரே ஃபெர்மாதான் என்பதுதான் இக்கதையின் விசித்திரம்.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத ஓர் எண்ணை அப்பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால், அதே பகா எண்ணால் வகுக்கும்போது மீதி எப்போதும் 1 தான். இதை ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்கிறோம். இதையும் அவர் அதே 1640ஆம் ஆண்டில்தான் ஃப்ரெனிக்லுக்கு எழுதினார். இதை நம் எண்ணின் மேல் ஏவிப் பார்ப்போம். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அதனால் வகுக்கும்போது 2³² தருகிற மீதி −1, அதாவது வகுக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவு. அதன் வர்க்கமான 2⁶⁴ தருகிற மீதி 1. 2இன் அடுக்குகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் மீதி 1 முதன்முதலில் தலைகாட்டும் இடம் 64ஆம் அடுக்குதான். அதற்கு முன்னரே வந்திருந்தால் அந்த இடம் 64இன் காரணியாக, ஆகவே 32இன் காரணியாகவும் இருந்திருக்கும். அப்போது 32ஆம் அடுக்கிலும் மீதி 1 ஆகவே இருந்திருக்கும். நமக்குத் தெரிந்தோ அங்கே மீதி −1. முதன்முதலில் 64இல் வந்த மீதி 1, அதன்பின் 64இன் மடங்குகளில் மட்டுமே திரும்ப வரும். சிறிய தேற்றத்தின்படி அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே நாம் தேடும் பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது 64ஆல் வகுபட வேண்டும்.

இந்த ஒரே நிபந்தனை 6542 பகா எண்களில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் வெளியேற்றிவிடுகிறது. 64இன் மடங்குகளோடு 1 கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641, 705, 769 என்று போகும். இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641, 769 ஆகியவை மட்டுமே, 1000க்குள் வேறில்லை. மூன்று இலக்கக் காரணி ஒன்று உண்டென்றால் அது இந்த ஆறுக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டும்.

இவற்றுள் 257ஐச் சோதிக்கவே தேவையில்லை. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 4294967295 வருகிறது. நம் எண்ணைவிடச் சரியாக 2 குறைவு. ஆகவே அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் நம் எண்ணின் மீதி 2 தான். ஃபெர்மா எண்களில் எந்த இரண்டுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பதை இதே வழியில் கணிதவியலாளர் கோல்ட்பாக் 1730இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் காட்டினார். பகா எண்கள் முடிவிலி என்பதற்கும் அதுவே ஒரு நிறுவலாகிவிடுகிறது: முடிவில்லாத வரிசையொன்றில் ஒவ்வோர் எண்ணும் பிறர் தொடாத பகாக் காரணி ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டிருக்கிறது அல்லவா?

மிஞ்சியவை ஐந்து. பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்க வேண்டியதும் இல்லை. 65536ஐ முதலில் வகுத்து மீதி எடுத்து, அந்த மீதியை வர்க்கப்படுத்தி மீண்டும் வகுத்து, 1 கூட்டினால் முடிந்தது. 193இல் முதல் மீதி 109. அதன் வர்க்கம் 11881. அதன் மீதி 108. 1 கூட்ட 109. வகுபடவில்லை. 449இல் முதல் மீதி 431, அதாவது −18, வர்க்கம் 324, 1 கூட்ட 325. வகுபடவில்லை. 577இல் முதல் மீதி 335, இறுதியில் 288. வகுபடவில்லை. 641இல் முதல் மீதி 154. அதன் வர்க்கம் 23706. 641இன் 36 மடங்கான 23076ஐக் கழிக்க 630. 1 கூட்ட 631. வகுபடவில்லை. 769இல் இறுதி மீதி 20. வகுபடவில்லை. ஐந்தின் மீதும் கோடு விழுந்தது.

கணக்கில் பழக்கமுள்ள வாசகர் இதற்குள் சிரித்திருப்பார். 154இன் வர்க்கம் 23706 அன்று, 23716. ஏதோ ஓரிடத்தில் கைமாற்றும்போது பத்து ஒன்று நழுவிப்போய்விட்டது. சரியான எண்ணிலிருந்து 23076ஐக் கழித்தால் 640. 1 கூட்டினால் 641. அதாவது மீதி பூச்சியம். இன்னும் அழகாகச் சொன்னால், 154² + 1 என்பது 23717. 641ஐ 37ஆல் பெருக்கினாலும் அதே 23717.

பிழை கண்டுபிடிபட்டதும் எனக்கு வெட்கத்தைவிட வியப்பே மேலோங்கியது. 631 என்ற மீதியைப் பார்த்தபோது எனக்கு ஓர் ஐயமும் எழவில்லை. ஏன் எழ வேண்டும்? 109, 325, 288, 20 என்ற மீதிகளோடு 631 எவ்விதத்திலும் வேறுபட்டுத் தெரியவில்லை. மீதி பூச்சியம் வந்திருந்தால் நிச்சயம் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன். ஈவைக் கண்டுபிடித்து 641 × 6700417 என்று பெருக்கி, பத்து இலக்கங்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்திருப்பேன். காரணி கிடைத்தால் அதுவே தன் சாட்சியாக நிற்கிறது. யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் பெருக்கிச் சரிபார்க்கலாம். காரணி கிடைக்காத வகுத்தலுக்கு அப்படிச் சாட்சி எதுவும் இல்லை. பூச்சியமல்லாத மீதி சரியானதோ தவறானதோ, பார்வைக்கு ஒன்றே.

ஃபெர்மாவுக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவருக்கு இவ்வழி தெரியாது என்று வாதிட இடமில்லை. 1640இல் கணிதவியலாளர் மெர்செனுக்கு எழுதியபோது 2³⁷ − 1 என்ற எண் 223ஆல் வகுபடும் என்று காட்டியவர் அவர். 223 என்பது 37இன் மடங்கோடு 1 கூட்டிய எண் என்பதைக் கவனித்தால், எந்த வடிவிலான வகுஎண்களைச் சோதிக்க வேண்டும் என்பதில் அவருக்கிருந்த தெளிவு புரியும். அதே தெளிவோடு 4294967297ஐ அணுகியிருந்தால் 641 அவருடைய பட்டியலில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்திருக்கும். அவ்வளவு தொலைவுகூடப் போகாமல் அவர் நிறுத்தியிருப்பார் என்று நம்புவது கடினம். எனவே அவர் 641ஐச் சோதித்தார், எங்கோ ஓர் இலக்கம் பிசகியது, ஏதோ ஒரு மீதி வந்தது, கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஊகம்தான், ஆனால் அதே இடத்தில் வழுக்கி விழுந்தவனுடைய ஊகம்.

இப்பிழையைப் பிடிக்கும் கருவியும் மிகப் பழையது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதை நீக்கி, மிஞ்சுவதை ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. 154இன் இலக்கக் கூட்டல் 10, அதாவது 1. 1இன் வர்க்கம் 1. ஆகவே விடையின் கூட்டலும் 1 ஆக முடிய வேண்டும். 23716இன் கூட்டல் 19, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. நான் எழுதிய 23706இன் கூட்டலோ 18. ஒன்பதை நீக்கினால் பூச்சியம். இருபது விநாடி செலவிட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். இலக்கங்கள் இடம் மாறிப்போனால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும் என்பதும் உண்மைதான். இருந்தாலும் இல்லாததற்கு இது மேல்.

சிறிய தேற்றத்தையே பகா எண் சோதனையாக நேரடியாகப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் இந்த எண் வெற்றிகரமாகத் தேறிவிடும்: 2⁶⁴ மீதி 1 தருகிறது, நம் எண்ணைவிட ஒன்று குறைந்த 2³² என்பது 64இன் மடங்கு, ஆகவே அந்த அடுக்கிலும் மீதி 1. பகா எண்ணைப் போலவே நடிக்கிறது. 2ஐ விட்டு 3ஐ எடுத்துச் சோதித்தால் வேடம் கலைந்துவிடும். 3இன் 2³²ஆம் அடுக்கை நம் எண்ணால் வகுத்தால் மீதி 3029026160. 1க்கும் அதற்கும் வெகு தூரம்.

உண்மை வெளிவர ஏறக்குறைய 92 ஆண்டுகள் ஆயின. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் தம் கடிதமொன்றின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றை ஆய்லரின் காதில் போட்டார். இளைஞரான ஆய்லருக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் ஏற்படவில்லை. பிறகு ஃபெர்மாவின் எழுத்துகளைப் படிக்கப் படிக்க ஈர்ப்பு வந்தது. 1732இல் 641 வகுக்கிறது என்று அறிவித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அப்போது விளக்கவில்லை. காரணிகள் 64இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்ற நிறுவலைப் பல ஆண்டுகள் கழித்தே வெளியிட்டார். 1878இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அதை மேலும் கூர்மையாக்கி 64க்குப் பதில் 128 என்று கொள்ளலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 449, 577 மூன்றும் நீங்கிவிடும். 257ஐயும் முன்பே விலக்கிவிட்டோம். பட்டியலில் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641 ஆகிவிடுகிறது. 1804இல் அமெரிக்காவில் பிறந்த ஜீரா கோல்பர்ன் என்ற சிறுவனிடம், அவன் எட்டு வயதில் லண்டனில் மனக்கணக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, இதே எண்ணைக் கொடுத்ததாகவும் அவன் 641ஐச் சொல்லிவிட்டதாகவும் அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. அவன் மனத்தில் என்ன நடந்தது என்பதை யார் அறிவார்.

வகுக்காமலே 641 வகுக்கும் என்று காட்டும் வழியொன்று நூல்களில் பெயர்பெற்றது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, அதுவே 5⁴ + 2⁴. முதல் வடிவிலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வடிவிலிருந்து 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒரே மீதியைத் தருவன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் −2³²இன் மீதி 1; அதாவது 2³² + 1 வகுபடும். மூன்றே வரி. முதன்முறை படிக்கும்போது மெய்சிலிர்க்கும். பலமுறை படித்தபின் எனக்கு இதில் ஒரு சிறு மனக்குறை உண்டு: விடை தெரிந்த பிறகு பின்னிய மாலை இது. 641 என்று யாரும் சொல்லித்தராவிட்டால் இந்த வழியில் யாரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள்.

என்னை அதிகம் கட்டிப்போட்டது வேறொரு முகம். இந்த எண் பிறக்கும்போதே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகப் பிறந்தது: 65536² + 1². ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால் அப்படி ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். ஆகவே இரண்டாவது வழியொன்று கண்ணில் பட்டுவிட்டால், எந்தக் காரணியும் தெரியாமலேயே அது பகா எண் அன்று என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆய்லர் அந்த இரண்டாவது வழியையும் கண்டார்: 62264² + 20449². முதல் வர்க்கம் 3876805696, இரண்டாவது 418161601, கூட்டினால் 4294967297. அந்த 20449 தானும் 143இன் வர்க்கம் என்பது கூடுதல் வியப்பு.

இந்த இரண்டு வழிகளும் எங்கிருந்து வருகின்றன என்று காரணிகளின் பக்கமிருந்து பார்க்கலாம். 641 என்பது 25² + 4². 6700417 என்பது 2556² + 409². இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலே என்பது மிகப் பழைய செய்தி. பிரம்மகுப்தர் 7ஆம் நூற்றாண்டில் அதைப் பொதுமைப்படுத்தியிருக்கிறார். பெருக்கும்போது குறிகளை மாற்றி இரண்டு விதமாகச் சேர்க்கலாம். 25 × 2556 = 63900; 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. மற்றொரு சோடி: 25 × 409 = 10225; 4 × 2556 = 10224. கூட்டினால் 20449; கழித்தால் 1.

இந்தக் கடைசிக் கழித்தலில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 2³² + 1 என்பதில் உள்ள அந்த 1, நாம் வெளியிலிருந்து கூட்டியதாகத்தானே தோன்றுகிறது? காரணிகளின் பக்கம் போய்ப் பார்த்தால் அது 10225இலிருந்து 10224ஐக் கழித்துக் கிடைத்த 1. அதே இரண்டு சோடிகளிலிருந்துதான் ஒரு பக்கம் 2இன் தூய அடுக்கும், மறுபக்கம் 1உம் பிறக்கின்றன. காரணிகள் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருப்பதை 641 × 6700417 என்ற பெருக்கல் எனக்குக் காட்டியதே இல்லை.

6700417 பகா எண்தானா என்பதையும் தாளில் முடித்துவிடலாம். அதன் காரணி எதுவாயினும் நம் எண்ணின் காரணியும் ஆகும். ஆகவே 128இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவம் அதற்கும் பொருந்தும். அதன் வர்க்கமூலம் 2589க்குச் சற்றுக் கீழே. அந்த எல்லைக்குள் அவ்வடிவிலுள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 முன்பே விலகியது. மற்ற நான்கும் தரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. இம்முறை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட்டேன்.

இந்த எண்ணின் அண்டை வீட்டார் இருவரையும் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 4294967295ஐ மேலே பார்த்தோம்: முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கு 17 கோணத்தை வரையலாம் என்று 1796இல் கணிதவியலாளர் காஸ் கண்டதிலிருந்து, ஃபெர்மா பகா எண்களின் இடம் வடிவியலுக்குள்ளும் நுழைந்தது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு அவ்வாறு வரையத்தக்கவை என்று அறியப்பட்ட ஒழுங்கு பலகோணங்கள் 31. அவற்றுள் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண் மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்த 31 என்பது 63 ஆகியிருக்கும்.

நடுவிலுள்ள 4294967296 கணினிக்காரர்களுக்கு நெருங்கிய உறவு. 32 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 ஆகிய 32 இலக்கங்களில், எழுதத்தக்க வெவ்வேறு எண்களின் எண்ணிக்கை அது. பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் அங்கே அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. நம் எண் இரண்டே படி தள்ளி வாசலுக்கு வெளியே நிற்கிறது. நிரல் எழுதப் பழகிய புதிதில் 641ஐயும் 6700417ஐயும் பெருக்கச் சொல்லி, விடை 1 என்று திரையில் வந்ததைக் கண்டு நான் திகைத்ததுண்டு. 32 பிட்டுக்கு மேல் வழிவது வெட்டுப்பட்டுவிடும் 32 பிட் உலகில் அது பிழையே அன்று; அங்கே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழி. இதனால் ஒரு பயனும் உண்டு. 32 பிட் எண் ஒன்றை 641ஆல் வகுத்து ஈவு காண வேண்டுமானால், அதை 6700417ஆல் பெருக்கி, கிடைத்த 64 பிட் விடையின் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மேல்பாதியை எடுத்துக்கொண்டால் போதும். 6700417ஐ 2³²ஆல் வகுத்தால் 641இல் ஒரு பங்கைவிட மிகச் சிறிதளவே கூடுதலாக இருக்கிறது. எவ்வளவு பெரிய 32 பிட் எண்ணை எடுத்தாலும் அந்தக் கூடுதல் 641இல் ஒரு பங்கை எட்டாது. ஆகவே ஈவின் முழு எண் பகுதி மாறவே மாறாது. வகுத்தல் மெதுவான வேலை, பெருக்கல் விரைவானது என்பதால் நாம் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மொழிமாற்றி நிரல்கள் இத்தகைய மாற்றீட்டைத் தாமாகவே செய்துகொள்கின்றன. பெரும்பாலான வகுஎண்களுக்கு மேல்பாதியை எடுத்தபின் மேலும் சில பிட்டுகளை நகர்த்த வேண்டியிருக்கும். 641க்கு அது தேவைப்படுவதில்லை. ஃபெர்மா தவறவிட்ட காரணி இங்கே இப்படிக் கூலிவேலை பார்க்கிறது.

மீண்டும் மீதிக்கு வருகிறேன். 1877இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெப்பேன் தந்த சோதனை, ஃபெர்மா எண்களுக்கென்றே அமைந்தது. 3ஐ எடுத்துத் தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஃபெர்மா எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு போக வேண்டும். நம் எண்ணுக்கு 31 தடவை. கடைசியில் −1 வந்தால், அதாவது 4294967296 வந்தால், அது பகா எண். வேறு எது வந்தாலும் பகா எண் அன்று. நம் எண்ணுக்கு வருவது 10324303.

காரணி எதையும் காட்டாமல், வெறும் ஒரு மீதியை மட்டும் நீட்டி, இது பகா எண் அன்று என்று சொல்கிற சோதனை இது. அந்த மீதியில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் யாருக்குத் தெரியும்? என்னுடைய 631இன் கதைதான். இத்துறையில் உழைத்தவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். 39 இலக்கங்கள் கொண்ட ஏழாம் ஃபெர்மா எண்ணை 1905இல் மோர்ஹெட், வெஸ்டர்ன் ஆகிய இருவரும் தனித்தனியே கையால் கணக்கிட்டு ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதன் காரணிகளை மோரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970இல்தான் கண்டுபிடித்தனர். அதுவரை 65 ஆண்டுகள் அந்த எண் மீதியின் சாட்சியை மட்டுமே நம்பி நின்றது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட 24ஆம் ஃபெர்மா எண் பகா எண் அன்று என்று 1999இல் கிராண்டல், மேயர், பாபடோபௌலோஸ் மூவரும் நிறுவியபோது, இரண்டு கணினிகளில் தனித்தனியாகக் கணக்கை ஓட்டி, நடுவே கிடைத்த மீதிகளை மூன்றாவதாக ஒரு முழு எண் கணக்கால் சரிபார்த்தார்கள். அந்த எண்ணுக்கு இன்றுவரை ஒரு காரணிகூடத் தெரியாது. 33ஆம் எண்ணுக்கோ அந்தச் சோதனையே இன்னும் முடிக்கப்படவில்லை. அதன் இலக்கங்கள் மட்டும் 258 கோடிக்கு மேல்.

நான் அந்த அளவுக்குப் போகவில்லை. 4294967297க்குப் பெப்பேனின் 31 வர்க்கங்களையும் கையால் போட்டுப் பார்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் நான்கு எளிது: 9, 81, 6561, 43046721. ஐந்தாவதில்தான் முதன்முறையாக வகுக்க வேண்டியிருக்கிறது. ஈவு 431439, மீதி 3793201458. மீதியின் இலக்கக் கூட்டல் ஒன்பதை நீக்க 6, ஈவுக்கும் 6, நம் எண்ணுக்கு 5. ஆறைந்து முப்பதில் மூன்று மிஞ்ச, அதோடு ஆறைச் சேர்த்தால் ஒன்பது, அதாவது பூச்சியம். 43046721இன் வர்க்கமும் பூச்சியமே தர வேண்டும், தருகிறது. இன்னும் 26 வரிகள் இருக்கின்றன.